யாரும் போடாத தையல்

எங்கள் பெரியம்மா ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அம்மாவின் அக்கா. இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "பொம்பளையா?" என்பதுதான். அதற்குப் பெரியம்மா எப்போதும் ஒரே பதில் வைத்திருப்பார். "இதுவரைக்கும் எந்த ஃப்ரிட்ஜும் அதக் கேட்டதில்லப்பா."

அவர் இந்த வேலைக்குள் வந்தது காது வழியாக. கல்யாணத்துக்கு முன்பு ஒரு சர்வீஸ் கம்பெனியில் போன் எடுக்கிற வேலை. புகார் சொல்கிறவர்கள் "சத்தம் வருது" என்பார்கள். என்ன சத்தம் என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. ஒருநாள் பெரியம்மா, "போனக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி வைங்க, நான் கேக்குறேன்" என்றார். கேட்டுவிட்டு, என்ன கோளாறு என்று மெக்கானிக்கிடம் எழுதிக் கொடுத்து அனுப்பினார். சரியாக இருந்தது. அதன்பிறகு எல்லாப் புகாருக்கும் போன் ஃப்ரிட்ஜின் முதுகுக்குப் போனது. சில வருடத்தில் அவரே வேலை பழகி, பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். பிறகு வீட்டின் கீழ்த்தளத்திலேயே சொந்தமாகப் பட்டறை வைத்தார்.

அந்தப் பட்டறைக்குள் நுழைந்தால் முதலில் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். நீளமான அறை. இரண்டு சுவரோரமும் ஃப்ரிட்ஜுகள் வரிசையாக நிற்கும். சிலவற்றுக்குக் கதவு இருக்காது. சிலவற்றின் முதுகைத் திறந்து வைத்திருப்பார், கறுப்புக் குழாய்கள் வெளியே தெரியும். பழுது பார்த்து முடித்தவை சோதனைக்காக ஓடிக்கொண்டே இருக்கும். எல்லாம் சேர்ந்து ஒரு ரீங்காரம். நடுவில் ஒன்று "டக்" என்று நிற்கும். சற்று நேரம் கழித்து உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு மறுபடி கிளம்பும். நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்து பெரியம்மா வேலை பார்ப்பார். பெரியப்பா பள்ளி வேன் ஓட்டுகிறவர். காலையும் மாலையும் கூச்சலில் கிடப்பவர். அவரே அந்த அறைக்குள் நுழையும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

பெரியம்மாவின் வேலையில் ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அவர் செய்தது புரியாது. ஃப்ரிட்ஜுக்குள் முடியைப் போல மெல்லிய ஒரு குழாய் இருக்கிறது. கேபிலரி என்பார்கள். குளிர வைக்கும் கேஸ் அதன் வழியாகத்தான் போக வேண்டும். உள்ளே துளி ஈரம் புகுந்துவிட்டாலும் அது அங்கே போய்ப் பனியாகி அடைத்துக்கொள்ளும். ஃப்ரிட்ஜ் முனகும், சூடாகும், ஆனால் குளிராது. அணைத்துப் போட்டால் பனி உருகிவிடும். மறுபடி போட்டால் ஓடும். சில நாளில் மறுபடி அடைக்கும். "அணைச்சுப் போட்டேன், சரியாயிடுச்சு" என்று யாராவது சொன்னால் பெரியம்மாவுக்குக் கோபம் வரும். "சரியாகல. உங்களுக்கு டிமிக்கி குடுக்குது. கொண்டு வாங்க, திறந்து பாக்கணும்."

ஆனால் திறப்பது அவருக்குப் பிடிக்காத வேலை. கம்பெனியில் மூடி அனுப்பிய குழாயை ஒருமுறை அறுத்துவிட்டால், எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் அது பழைய குழாய் இல்லை என்பார். திறக்கும்போது போகிற காற்றே அடுத்த தொல்லைக்கு விதை என்பது அவர் கணக்கு.

அவருக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்தது. மாதா மாதம் ரத்தம் கொட்டி வெளுத்துப்போனார். கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார்கள், எடுத்தார்கள். தொப்புளுக்குக் கீழே குறுக்காக ஒரு தழும்பு. நன்றாக ஆறியது. "கம்பெனி வச்ச சீல் உடைஞ்சுபோச்சுடி" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். பழையபடி குனிந்து நிமிர்ந்து வேலை பார்த்தார். நாங்கள் எல்லோரும் அதை மறந்தே போனோம்.

வயிறு மறக்கவில்லை.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு ஃப்ரிட்ஜின் பின்னால் தரையில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தார். வயிற்றுக்குள் ஏதோ அசைந்தது. வாயுப் பிடிப்பு என்று நினைத்துக் கையை வைத்தார். கையின் கீழே, இடமிருந்து வலமாக, ஒரு மேடு நகர்ந்தது. குழந்தை குதிகாலால் உந்தினால் எப்படி இருக்குமோ அப்படி. பெரியம்மாவுக்கு அது தெரியும். ஒரு மகளைச் சுமந்து பெற்றவர். அந்த மகளுக்கு இப்போது கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். மேடு வலது பக்கம் வந்து நின்றது, இறுகியது, அவரை மூச்சுவிட முடியாமல் பிடித்தது. பிறகு விட்டது.

பல நாள் கழித்துத்தான் அம்மாவிடம் சொன்னார்.

"உள்ள யாரோ புரண்டு படுக்குறாப்ல இருக்குடி."

"அக்கா, அங்கதான் ஒண்ணும் இல்லையே. எடுத்தாச்சே."

"அதையேதான் நானும் அதுகிட்ட சொன்னேன்."

அம்மா சிரித்தாராம். பெரியம்மா சிரிக்கவில்லையாம்.

பிறகு அதற்குச் சத்தமும் வந்தது. அதை முதலில் கேட்ட வெளியாள் ஒரு வாடிக்கையாளர். அச்சகத்தில் வேலை பார்க்கிறவர், தன் ஃப்ரிட்ஜை எடுத்துப்போக வந்திருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனது. பட்டறையில் இருந்த எல்லா முனகலும் ஒரே நேரத்தில் நின்றது. அந்த அமைதியில் ஒரு ஓசை. காலியான பித்தளைக் குடத்துக்குள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவது போல. மெல்லிய, உயர்ந்த, மணி மாதிரியான ஓசை. பிறகு ஒரு நீண்ட கொடகொடப்பு.

அச்சகக்காரர் ஒவ்வொரு ஃப்ரிட்ஜாகத் திரும்பிப் பார்த்தார். ஒன்றின் பின்னால் எட்டியும் பார்த்தார். "அக்கா, கரண்ட் இல்லாமலே ஒண்ணு ஓடுதே?"

"அது பழைய மாடல்" என்றார் பெரியம்மா. கையால் வயிற்றை அழுத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்றார். முகமெல்லாம் வேர்வை. அச்சகக்காரர் தன் ஃப்ரிட்ஜை அன்று எடுத்துப் போகவில்லை. அடுத்த நாள் ஆள் அனுப்பினார்.

அன்று வலி கூடியது. வலி அலை அலையாக வந்தது. வரும்போது உயிரைப் பிடுங்கும். போகும்போது எதுவுமே நடக்காதது போலிருக்கும். சாப்பிட்டது வாந்தியாக வந்தது, பிறகு பச்சையாக வந்தது. காற்றுகூடப் பிரியவில்லை. பெரியப்பா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மூக்கு வழியாக வயிற்றுக்குள் ஒரு குழாய் விட்டு, உள்ளே தேங்கியதை எல்லாம் வடித்தார்கள். வாய் வழியாக எதுவும் தரவில்லை, கையில் மட்டும் பாட்டில் ஏற்றினார்கள். மறுநாள் அடைப்பு தானாக விட்டது.

அங்கே இருந்த அறுவை டாக்டர் ஒரு பெண். பெரியம்மாவை விட இளையவர். எக்ஸ்ரே படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். வயிறு இருக்க வேண்டிய இடத்தில் ஏணிப்படிகள் மாதிரி வெள்ளையும் கறுப்புமாக அடுக்கடுக்காக இருந்தது.

"குடல் அடைச்சிருக்கு. முன்னாடி ஆபரேஷன் பண்ணியிருக்கீங்க இல்லையா? அதனாலதான்."

"உள்ள எதையாச்சும் வச்சுத் தச்சுட்டாங்களா?" என்று பெரியப்பா கேட்டார்.

"இல்லைங்க. அவங்க நல்லாத்தான் பண்ணியிருக்காங்க. வயித்தத் திறந்து கை பட்டா, உள்ள இருக்குற உறுப்புக்கெல்லாம் அது ஒரு காயம். ஆறும்போது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். சில இடத்துல நூல் மாதிரி வளரும். குடல் அதுல மாட்டிக்குது."

"நூலா?" என்றார் பெரியம்மா.

"நூல் மாதிரி. நாங்க போட்ட தையல் இல்ல. உடம்பு தானா போட்டுக்குறது."

பெரியம்மா எக்ஸ்ரே படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். தனக்குத் தெரியாமல், தான் தூங்கும்போதும் வேலை செய்யும்போதும், உள்ளே ஏதோ ஒன்று இருட்டில் உட்கார்ந்து தைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த எண்ணம் அவரை விட்டுப் போகவில்லை என்று பிறகு அம்மாவிடம் சொன்னார்.

"அத அறுத்துவிட முடியாதா?"

"முடியும். ஆனா அதுக்கு மறுபடி திறக்கணும். திறந்தா மறுபடி ஒட்டலாம். அதனாலதான் தானா விடுதான்னு பாக்குறோம். இந்தத் தடவ விட்டுடுச்சு. மறுபடி வந்தா உடனே வந்துடுங்க. வீட்ல வச்சிருக்காதீங்க."

டாக்டர் கடைசியில் சொன்னதுதான் முக்கியமானது. பெரியம்மாவின் மனதில் தங்கியது அதற்கு முந்தியது. திறந்தால் மறுபடி ஒட்டும். இதைத்தானே அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்! வீட்டுக்கு வந்ததும் பெரியப்பாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். "இனிமே என்னத் திறக்க நான் விடமாட்டேன். செத்தாலும் சரி."

"செத்தா என்கிட்ட சொல்லிட்டுச் சாவு. வேனுக்கு லீவு சொல்லணும்" என்றார் பெரியப்பா. பயந்துவிட்டால் அவர் இப்படித்தான் பேசுவார்.

அதன்பிறகு அது திரும்பத் திரும்ப வந்தது. வந்தபோதெல்லாம் பெரியம்மா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. தன்னை அணைத்துப் போட்டார். ஆம், அந்த வார்த்தைதான் சொல்வார். "இன்னிக்கு ஆஃப்." சாப்பாட்டை நிறுத்திவிடுவார். வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒருக்களித்துப் படுப்பார். காத்திருப்பார். எங்கோ தூரத்தில் யாரோ குழாயைத் திறந்துவிட்டது போல உள்ளே ஒரு சத்தம் ஓடும். விட்டுவிடும். எழுந்து முகம் கழுவி, ஸ்பானரை எடுப்பார். "பாத்தியா, ஓடுது" என்பார்.

ஊர் ஆட்களை எதற்குத் திட்டினாரோ அதையே அவர் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் உருக அதிக நேரம் ஆனது. ஆள் இளைத்தார், தோள் எலும்பு தெரிந்தது. வயிறு மட்டும் உப்பி நின்றது. எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற அம்மா ஒருநாள் வாசலில் நின்று கேலி பண்ணினார்.

"என்ன மெக்கானிக், இந்த வயசுல விசேஷமா?"

"ஆமா, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க" என்று பெரியம்மாவும் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். வந்தவர் ஒரு ஃப்ரிட்ஜின் பின்னால் போய் மறைந்து நின்று சேலையை விலக்கிப் பார்த்தார். தோலுக்கு அடியில், தழும்புக்கு மேலே, ஏதோ மெதுவாக முதுகை வளைத்துப் படுத்திருந்தது. அவர் பார்க்கப் பார்க்க அது நிமிர்ந்தது. நகர்ந்தது. மறைந்தது. குடல்தான், அடைப்பைத் தாண்டித் தள்ளப் பார்க்கிறது, டாக்டர் சொல்லியிருக்கிறார். எல்லாம் தெரியும். இருந்தாலும், வெறுமையாக்கப்பட்ட இடத்தில் யாரோ குடியேறிவிட்டது போலத்தான் அவருக்குப் பட்டது.

அதனோடு பேசவும் ஆரம்பித்தார். பெரியப்பா மாலைச் சவாரி முடிந்து வரும்போது பட்டறையில் பேச்சுக்குரல் கேட்கும். யாரோ வாடிக்கையாளர் என்று நினைத்து உள்ளே வருவார். யாரும் இருக்க மாட்டார்கள்.

"யார்கிட்ட பேசிக்கிட்டிருந்த?"

"குடியிருக்கறவங்ககிட்ட."

"எந்தக் குடியிருக்கறவங்க?"

"கீழ் வீட்டுக்காரங்க" என்று வயிற்றைக் காட்டினார். "கொஞ்சம் தள்ளிப் படுன்னேன். படுத்துட்டாங்க."

பெரியப்பாதான் இதை எங்களிடம் சொன்னார். ஓடிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜுகள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது போலத் தோன்றியதாம். அன்று இரண்டு பேருக்கும் சண்டை.

"அடுத்தவன் அணைச்சுப் போட்டா அந்தத் திட்டுத் திட்டுவ. நீ என்னடி பண்ற?"

"ஃப்ரிட்ஜத் திறந்தா எனக்கு மூடத் தெரியும். இத மூடினா என்னாகும்னு டாக்டருக்கே தெரியாது. வாய விட்டுச் சொல்றாங்க."

"தெரியாதுன்னு சொன்னாங்களே, அதுக்காகவாச்சும் நம்பலாமே."

பெரியம்மா ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஒரு ஃப்ரிட்ஜின் பின்னால் போய்விட்டார். அந்தச் சண்டையைத்தான் பெரியப்பா வேனில் கொண்டுபோனார், கொண்டுவந்தார். அவருக்கு ஒரே ஒரு கவலை. அடுத்த முறை உருகாவிட்டால் என்ன ஆகும்?

அடுத்த முறை உருகவில்லை.

முந்தின நாள் யாரோ கொடுத்த ஆரஞ்சுப் பழங்களைச் சக்கையோடு சாப்பிட்டிருந்தார். காலையிலேயே வலி வந்துவிட்டது. இந்தமுறை அலைகளுக்கு நடுவே இடைவெளி குறைவாக இருந்தது. வாந்தி பச்சையாக வந்தது, பிறகு பழுப்பாக, சொல்லக்கூசும் ஒரு வாடையோடு வந்தது. வெந்நீர்ப் பை வைத்தார். ஒருக்களித்தார். உள்ளே அந்தக் குடத்துத் தண்ணீர்ச் சத்தம் விடாமல் கேட்டது. பெரியப்பா கூட மாடிப்படியில் நின்று கேட்டார். "கிளம்பு போகலாம்" என்றார். "இன்னும் கொஞ்சம்" என்றார் பெரியம்மா.

மதியத்துக்கு மேல் அது அடங்கியது. அலை நின்றது. வயிறு முழுக்க ஒரு மந்தமான நோவு மட்டும் விடாமல் இருந்தது. அடிவாங்கிய இடம் வலிப்பது போல. உடம்பு கொஞ்சம் சுட்டது.

"நின்னுடுச்சா?" என்று பெரியப்பா கேட்டார்.

"நின்னுடுச்சு."

"அப்பாடா! வீட்ட காலி பண்ணிட்டாங்க போல, உன் கீழ் வீட்டுக்காரங்க." முகம் மலர்ந்து, சாவியை எடுத்துக்கொண்டு மாலைச் சவாரிக்குக் கிளம்பிவிட்டார்.

பெரியம்மா பட்டறைக்கு இறங்கி வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். ஏதோ சரியில்லை. என்னவென்று தெரியவில்லை. காதால் வாழ்ந்தவர் அல்லவா, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் சுற்றிலும் ஃப்ரிட்ஜுகள் முனகிக்கொண்டிருந்தன. அந்த முனகலில் எதுவும் பிரிந்து கேட்கவில்லை.

எழுந்து போய் முதல் ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார். அது ஒரு உதறு உதறி நின்றது. அடுத்தது. அதற்கடுத்தது. வரிசையாக நடந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஒவ்வொரு குரலும் அடங்க அடங்க அறை பெரிதாகிக்கொண்டே போனது. கடைசிப் பிளக்கைப் பிடுங்கியபோது, மின்சாரம் போன அன்றுகூட இல்லாத அமைதி அங்கே இருந்தது. பட்டப்பகல். தெருவில் வெயில். உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கதவு திறந்த பெட்டிகள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றன.

மூச்சைப் பிடித்துக் கேட்டார்.

ஒன்றும் இல்லை.

கையை வைத்தார். வயிறு பலகை மாதிரி விறைத்திருந்தது. விரலால் தட்டினார். மத்தளம் போல் ஒலித்தது. மறுபடி காத்திருந்தார். இவ்வளவு நாள் அவரைத் தூங்கவிடாமல் புரண்ட அது, திட்டினால் தள்ளிப் படுத்த அது, இப்போது அசையவில்லை.

"ஏய்" என்று கூப்பிட்டார்.

மெக்கானிக்குக்குத் தெரிந்தவரை சத்தம் நின்றால் நல்லது. ஆனால் கையை வயிற்றில் வைத்துக்கொண்டு அசைவுக்காகக் காத்திருந்தபோது, காத்திருந்தது அவருக்குள் இருந்த மெக்கானிக் இல்லை, தாய். மகள் வயிற்றில் இருந்தபோது ஒருநாள் இப்படித்தான் அசைவு நின்றது. "நல்லாத் தூங்குது, விடு" என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு நர்ஸ் மட்டும்தான், "அசையலன்னா உக்காந்திருக்கக் கூடாது, ஓடணும்" என்று அவரை இழுத்துக்கொண்டு ஓடினாள். மகள் பிழைத்தது அந்த ஓட்டத்தால்.

பெரியப்பாவுக்குப் போன் போட்டார். "அசையல. வண்டியத் திருப்புங்க."

"நின்னா நல்லதுதானே?"

"ஃப்ரிட்ஜுக்கு நல்லது. திருப்புங்க."

வேனில் கடைசி நிறுத்தத்துப் பிள்ளைகள் கொஞ்சம் பேர் மிச்சம் இருந்தார்கள். அவர்களை இறக்கிவிட நேரம் இல்லை. முன் இருக்கையில் பெரியம்மாவை ஏற்றிக்கொண்டு அப்படியே பறந்தார். எப்போதும் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்துகிற பிள்ளைகள் அன்று மூச்சு விடவில்லை. ஒரு சின்னப் பெண் மட்டும் இருக்கைக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"ஆன்ட்டி, உங்க வயித்துல பாப்பா இருக்கா?"

"இல்லடா கண்ணு."

"அப்ப என்ன இருக்கு?"

பெரியம்மா குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாராம். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்வரை அந்தப் பெண் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதே டாக்டர். வயிற்றைத் தொட்டதும் அவர் முகம் மாறியது. ஸ்டெதஸ்கோப்பை ஓர் இடத்தில் வைத்தார், கேட்டார். வேறிடத்தில் வைத்தார், கேட்டார். நிமிர்ந்தார். ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு படுக்கைப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இப்பவே திறக்கணும்மா. குடல்ல ரத்த ஓட்டம் நின்னிருக்குன்னு நினைக்கிறேன்."

"திறந்தா மறுபடி ஒட்டும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஒட்டலாம். ஒட்டாமலும் போகலாம். திறக்கலன்னா இதப்பத்திப் பேச நீங்க இருக்கமாட்டீங்க."

பெரியப்பா கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு ஜோக்கும் வரவில்லை. பெரியம்மா கூரையைப் பார்த்தார். பிறகு தன் வயிற்றைப் பார்த்தார். "உள்ள இருக்குறது பேச மாட்டேங்குது டாக்டர். அதனாலதான் வந்தேன். திறங்க."

உள்ளே என்ன நடந்தது என்பதை டாக்டர் பிறகு பெரியப்பாவிடம் சொன்னார். எங்களுக்கு அது பெரியப்பா வழியாகத்தான் தெரியும். பழைய தழும்பின் உள்பக்கத்திலிருந்து குடலின் அடிக்குப் போகிற ஒரே ஒரு நார். பட்டுநூல் மாதிரி பளபளவென்று இருந்ததாம். குடலின் ஒரு வளையம் அதன் அடியில் நுழைந்து, திரும்பி வர முடியாமல், தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வளையம் கருநீலமாக இருந்தது. நாரை அறுத்ததும் குடல் தளர்ந்தது. அதை வெதுவெதுப்பான ஈரத்துணியால் போர்த்திவிட்டு எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்களாம்.  நிறம் திரும்புமா என்று பார்ப்பது மட்டும்தான் அப்போது வேலை. துணியை விலக்கிப் பார்த்தார்கள். ஒரு பக்கத்திலிருந்து மெதுவாக இளஞ்சிவப்பு ஊர்ந்து வந்தது. பாதி தூரம் வந்து நின்றது. அதற்கு மேல் வரவில்லை. வராத பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை இணைத்தார்கள்.

"எவ்வளவு நீளம்?" என்று கேட்டாராம் பெரியப்பா. டாக்டர் கையை விரித்துக் காட்டினார். ஒரு சாண்.

கண் விழித்த பெரியம்மா முதலில் கேட்டதும் சத்தத்தைத்தான். இல்லை. வயிறு ஊமையாக இருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு குடல் சில நாள் தூங்கும், அது வழக்கம் என்றார்கள். ஆனால் இந்த அமைதிக்கும் அந்த அமைதிக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. நாளெல்லாம் கையை வயிற்றின் கட்டு மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். வார்டில் வருகிறவர் போகிறவர் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்.

"கேஸ் போச்சாம்மா?"

"நாப்பது வீட்டுல ஃப்ரிட்ஜுக்கு நான் கேட்ட கேள்வி இது. இப்ப என்னக் கேக்குறாங்க" என்று முனகினார்.

பெரியப்பா ஒவ்வொரு நாளும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போனில் நிலவரம் சொன்னார். "இன்னும் காத்து வரல." எங்கள் வீட்டிலும் அதற்காகத்தான் காத்திருந்தோம். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் சிரிக்கவில்லை. இணைத்த இடம் பிடித்ததா இல்லையா என்பது அந்த ஒரு காற்றில் இருந்தது.

அது ஒருநாள் காலையில் வந்தது. பெரியப்பா அப்போது பக்கத்துக் கட்டில்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். சட்டென்று திரும்பினார். "நீயா?"

"நான்தான். ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடிக்காதீங்க." அதற்குள் அவர் அடித்துவிட்டார். அம்மா சமையலறையில் போனைக் காதில் வைத்தபடியே அழுதார்.

டாக்டர் வந்து வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். தலையை ஆட்டினார். "முழிச்சிடுச்சு. நல்ல சத்தம்."

"நான் கேக்கலாமா?"

டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதைக் கழற்றிப் பெரியம்மாவின் காதில் மாட்டினார். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்து வீட்டுக் குளியலறையில் யாரோ தண்ணீர் ஊற்றுவது போல, சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசுவது போல, ஏதோ கேட்டது. வார்த்தை புரியவில்லை. வெகுநேரம் கேட்டார்.

"பழைய குரல் இல்ல இது" என்றார்.

டாக்டர் சிரித்தார். பெரியம்மா கண்ணைத் திறந்து கேட்டார். "அந்த நூல், டாக்டர். மறுபடி எப்ப ஆரம்பிக்கும்?"

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைத் திரும்ப வாங்கிக் கழுத்தில் மாட்டினார். "இந்நேரம் ஆரம்பிச்சிருக்கலாம். எங்க, எவ்வளவு, தொல்லை குடுக்குமா குடுக்காதா, யாருக்கும் தெரியாது. பலருக்குக் கடைசி வரைக்கும் எதுவும் ஆகாது."

வார்டு முழுக்க வெளிச்சமாக இருந்தது. பெரியம்மாவின் கை கட்டின் மேலேயே இருந்தது. அதற்குக் கீழே, தோலுக்கு உள்ளே, யாரும் கேட்காமல், யாரும் ஊசி எடுத்துக் கொடுக்காமல், தையல் தொடங்கிவிட்டது. அல்லது தொடங்கவில்லை. அவர் காதுக்கும் எட்டாத வேலை அது.

"சரி" என்றார். "இனிமே சத்தம் வந்தாலும் வருவேன். நின்னாலும் வருவேன். வீட்ல படுத்துக்க மாட்டேன்."

"அது போதும்" என்றார் டாக்டர். "இப்ப எழுந்து நடங்க. நடந்தா குடல் சுறுசுறுப்பாகும்."

பெரியப்பா செருப்பை எடுத்துக் கட்டிலடியில் வைத்தார். பாட்டில் தொங்குகிற கம்பியைப் பிடித்துக்கொண்டு பெரியம்மா இறங்கினார். வராந்தா நீளமாக இருந்தது. கம்பியின் சக்கரம் கிறீச்சிட, ஒரு கையை வயிற்றில் வைத்தபடி மெதுவாக நடந்தார். அவ்வப்போது நின்றார். தலையைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி நடந்தார். சுவரை ஒட்டி நடக்காமல் சற்றுத் தள்ளியே நடந்தார். பின்னால் வந்த பெரியப்பாவுக்கு, கூடவே நடந்து வருகிற யாருக்கோ அவர் இடம் விடுவது போல இருந்தது.